ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப்புடன் நான்கு வருட மேடை: ஒரு லைட் மியூசிக் கிடாரிஸ்டின் அனுபவம்

2021 மார்கழியில் லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் வாங்கினேன். கிடார் ஆம்ப், எஃபெக்ட் பெடல் எல்லாவற்றின் வேலையையும் ஒரே சின்னப் பெட்டிக்குள் செய்யும் டிஜிட்டல் கருவி இது. அன்றிலிருந்து எங்கள் குழு ஏறிய எல்லா மேடையிலும், கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கல்லூரி விழா எதுவானாலும், என் எலெக்ட்ரிக் கிடார் சத்தம் இந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போகிறது. வாங்கிய வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால் இதற்குள் எத்தனை ஆம்ப், எத்தனை எஃபெக்ட் என்று பட்டியல் போட்டிருப்பேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு. மேடைச் சத்தத்தை வீட்டில் உட்கார்ந்து அமைக்க முடியாது. இது எனக்குப் புரிய ஒன்றரை வருடம் பிடித்தது.

இதற்கு முன் என்னிடம் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஓர் ஆம்ப், அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, இருந்தது. வேனில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மேடையில் அதன் முன்னால் ஒரு மைக் வைப்பார்கள். பக்கத்திலேயே டிரம்ஸ் இருப்பதால் அந்த மைக்கில் கிடாரைவிட சிம்பல்தான் அதிகம் ஏறும். ஸ்டாம்ப்பின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கிடார் பையின் முன் ஜிப்பில் அடங்கிவிடும். ஆம்ப்பின் மின்சுற்று எப்படி வேலை செய்கிறதோ அதைக் கணக்குகளாக மாற்றி உள்ளே ஓட விடுகிறார்கள். 1998-ல் சிறுநீரக வடிவில் வந்த பாட் பெட்டியில் இதே நிறுவனம் செய்ததுதான். 2015-ல் அவர்களுடைய ஹீலிக்ஸ் என்ற பெரிய பெட்டி வந்தது. அதன் ஆம்ப் மாடல்களையே சின்னப் பெட்டிக்குள் வைத்து 2018-ல் ஸ்டாம்ப்பைக் கொண்டுவந்தார்கள்.

"டிஜிட்டல்னா சத்தம் தாமதமா வருமே?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். வரும் தாமதம் சில மில்லிசெகண்டுதான். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசித்தாலே ஒன்பது மில்லிசெகண்ட் ஆகிவிடும். இத்தனை வருடத்தில் என் விரலுக்கு அந்தத் தாமதம் தெரிந்ததே இல்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு கோயில் பொங்கல். அதற்காக இரண்டு வாரம் இரவு இரவாக ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஒன்று என்று நாற்பதுக்கு மேல் பிரீசெட் (பெட்டியில் சேமித்து வைக்கும் சத்த அமைப்பு) செய்து வைத்திருந்தேன். வீட்டில் ஒவ்வொன்றும் கேசட்டில் கேட்ட மாதிரியே இருந்தது. மேடையில் நான்காவது பாட்டு முடிந்ததும் கீபோர்டு அண்ணன் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, நீ வாசிக்கிறது கை அசையறதுல தெரியுது, காதுல விழலையே" என்றார். மைக் செட் அண்ணனைப் பார்த்து ஏற்றச் சொல்லிக் கை காட்டினேன். ஏற்றினார். அடிக்கம்பிகள் கும்மென்று மைதானம் முழுக்க உருண்டன, மேல்கம்பிகள் காதைக் குத்தின. பாட்டைத் தாங்க வேண்டிய நடுப்பகுதியில் ஒன்றுமே இல்லை. அன்று இரவு முழுக்க அந்தச் சத்தத்தோடுதான் வாசித்தேன்.

இதற்குக் காரணம் பெட்டியில் இல்லை, நம் காதில் இருக்கிறது. 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் நம் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும், நடு ஒலி மட்டும் தெளிவாக இருக்கும். அதனால் ஹெட்ஃபோனில் மெல்ல வைத்துக் கேட்கும்போது கை தானாகவே பாஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடும். அதே அமைப்பு மேடை அளவு சத்தத்தில் வெளியே வரும்போது, நாம் கூட்டிய அடியும் உச்சமும் முழு பலத்தோடு வந்து விழுகின்றன. போதாததற்கு, அடியில் பாஸ் கிடாரும் கிக் டிரம்மும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. மேலே சிம்பல். நடுவில் இரண்டு கீபோர்டும் பாடகர்களும். கிடாருக்கென்று கிடைப்பது சுமார் 400 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள சந்துதான். அதைத்தான் நான் வீட்டில் உட்கார்ந்து வெட்டி எறிந்திருந்தேன்.

இதைச் சரிசெய்ய வழி கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். வரவேற்பு ஏழு மணிக்கு, நாங்கள் நான்கு மணிக்கே போய்விட்டோம். ஸ்பீக்கர் கட்டி முடித்திருந்தார்கள். நாற்காலிகளுக்கு இன்னும் உறை மாட்டவில்லை. ஸ்டாம்ப்புக்குள் ஆம்ப், எஃபெக்ட் ஒவ்வொன்றும் ஒரு பிளாக், அவற்றை வரிசையாகச் சங்கிலி போலக் கோக்க வேண்டும். வாசித்ததைப் பதிந்து திரும்ப ஓட விடும் லூப்பர் என்றும் ஒரு பிளாக் உண்டு. அதைச் சங்கிலியின் முதல் இடத்தில் வைத்து, எஃபெக்ட் எதுவும் ஏறாத வெறும் கிடாரை ஒரு நிமிடம் வாசித்துப் பதிந்தேன்: கொஞ்சம் கார்டு, கொஞ்சம் தனி வாசிப்பு. ஓட விட்டால் அது ஆம்ப், கேபினெட், மற்ற எல்லாவற்றின் வழியாகவும் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். நான் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் பின்வரிசையில் போய் நின்றேன். மைக் செட் அண்ணனின் பையன் மேடையில் உட்கார்ந்து குமிழைத் திருப்பினான். "பாஸ் இறக்கு... இன்னும்... மிட் ஏத்து... போதும்." பிறகு டிரம்மரையும் பாஸ் கிடாரையும் கூடவே வாசிக்கச் சொல்லி மறுபடியும் கேட்டேன். என் கிடாரை ஜனங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்திலிருந்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அன்று மாற்றியவை இவை. ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போல நடிக்கும் கேபினெட் பிளாக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட், 6,500-க்கு மேலே வெட்டும் ஹை கட். 800 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் ஏற்றம். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிரைவில், வீட்டில் வைத்திருந்ததில் பாதிதான் மிச்சம் வைத்தேன். ரிவெர்ப் (எதிரொலிப்பு) மூன்றில் ஒரு பங்கு, ஏனென்றால் காலி மண்டபமே தன் பங்குக்கு ஒரு ரிவெர்ப் போடுகிறது. தனியாகக் கேட்டால் இந்தச் சத்தம் வறட்சியாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். குழுவோடு கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து நிற்கிறது. தனியாக அழகாக இருந்த என் பழைய பிரீசெட்டுகளை அந்த வாரமே அழித்துவிட்டேன்.

கேபினெட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது, புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அது. கிடார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஐந்தாறு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் தராது. மேடை ஸ்பீக்கரோ அதற்கும் மேலே வெகுதூரம் போகும். கேபினெட் பிளாக் இல்லாமல் நேராக மிக்சருக்கு அனுப்பினால் தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். 2022 நவம்பரில் வந்த 3.50 அப்டேட்டில் கேபினெட்டுகளைப் புதிதாகச் செய்து தந்தார்கள், இலவசமாகவே. மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தி வைக்கலாம். ஈக்யூவை (அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களை) தொடுவதற்கு முன்பு நான் முதலில் நகர்த்துவது அந்த மைக்கைத்தான். ஓரத்துக்குப் போகப் போகக் குத்தல் குறைகிறது, ஸ்வரத்தின் முனை மழுங்குவதில்லை. அப்டேட் போடும் முன் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுத்துவிடுவேன். நிகழ்ச்சி இருக்கும் வாரத்தில் அப்டேட் பக்கமே போவதில்லை.

பாட்டுக்கு ஒரு பிரீசெட் என்ற வழக்கத்தையும் விட்டுவிட்டேன். பிரீசெட் மாற்றும்போது சத்தத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும், டிலேயின் (வாசித்ததைத் தள்ளித் திரும்ப ஒலிக்கும் எஃபெக்ட்) வாலும் அறுந்துவிடும். பெட்டியின் கணக்குப்போடும் சக்தி முழுவதும் ஒரே பிரீசெட்டுக்குப் போவதால் அப்படி. ஸ்னாப்ஷாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே பிரீசெட்டுக்குள் எந்த பிளாக் எரிய வேண்டும், எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பதை அது நினைவில் வைத்துக்கொண்டு மாற்றுகிறது. பல்லவியில் விட்ட டிலே சரணத்துக்குள் இயல்பாகக் கரைகிறது. ஒரு பிரீசெட்டில் எட்டு பிளாக் வைக்கலாம். என்னுடையவை கம்ப்ரசர் (மெல்லிய, பலத்த சத்தங்களைச் சமப்படுத்துவது), டிரைவ், ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரியான ஆம்ப், கேபினெட், ஈக்யூ, கோரஸ், டிலே, ரிவெர்ப். எட்டும் சரியாகப் போச்சு.

மூன்று ஃபுட்ஸ்விட்ச், மூன்று ஸ்னாப்ஷாட். பச்சை விளக்கு சுத்தமான சத்தம். நீலம் ஸ்ட்ரம்மிங்குக்கு, அதில் கம்ப்ரசர் எரியும், நடு ஒலி கொஞ்சம் இறங்கும். சிவப்பு தனி வாசிப்புக்கு. சிவப்பில் டிரைவோடு ஆம்ப்பின் சேனல் வால்யூம் 3 டெசிபெல் ஏறும்படி வைத்திருக்கிறேன். அந்தக் குமிழ் சத்தத்தின் நிறத்தை மாற்றாமல் அளவை மட்டும் ஏற்றும். முன்பெல்லாம் இடையிசையில் கிடார் பிட் வரும்போது மைக் செட் அண்ணன் ஃபேடரை ஏற்ற மறந்துவிட்டால் பிட் போனது போனதுதான். இப்போது அது என் காலில் இருக்கிறது. விளக்கு நிறத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். மேடை விளக்கு முகத்தில் அடிக்கும்போது திரையில் எழுத்து தெரியாது, நிறம் தெரியும்.

இனி வயர். ஸ்டாம்ப்பிலிருந்து டிஐ பாக்ஸுக்கு ஒரு கேபிள்; கிடார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் கேபிள்) மிக்சருக்கு. டிஐயின் இன்னொரு துளையிலிருந்து, என் காலருகே இருக்கும் சின்ன பவர்டு ஸ்பீக்கருக்கு. எனக்குக் கேட்கவில்லை என்றால் என் ஸ்பீக்கரை நானே ஏற்றிக்கொள்வேன், வெளியே போகும் அளவு மாறாது. ஸ்டாம்ப்பை எக்ஸ்எல்ஆர் கன்வெர்ட்டர் போட்டு நேராக மிக்சரில் சொருகுவதை நான் செய்வதில்லை. கண்டென்சர் மைக்குக்காக யாராவது மிக்சரில் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை (மைக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) போட்டுவிட்டால் அது திரும்பி வந்து பெட்டிக்குள் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ அதைத் தடுத்துவிடும். எல்லாமே மோனோ, இடம் வலம் பிரிக்காத ஒரே சத்தம். ஊர்த் திருவிழா ஸ்பீக்கர் தெரு நீளத்துக்குக் கட்டியிருப்பார்கள், அங்கே இடம் வலம் பிரித்தால் தெருவின் ஒரு பாதிக்குப் பாதிப் பாட்டுதான் போகும்.

என் ஸ்பீக்கர் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறொரு பிளக்கிலும் இருந்தால் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வரும். டிஐயில், கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்காக பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுகிற பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கை கம்பியில் இருக்கும், கோரஸ் பாட வாய் மைக்கில் இருக்கும். இரண்டுக்கும் எர்த் வேறாக இருந்தால் மின்சாரம் நம் உடம்பு வழியாகத்தான் போகும். ஒரு தடவை உதட்டில் அடித்தது எனக்கு. அன்றிலிருந்து மேடை ஏறியதும் முதலில் டெஸ்டரைத்தான் எடுக்கிறேன்.

பவர் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன். ஸ்டாம்ப்புக்கு 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். சாதாரண பெடல் சப்ளையின் ஒரு துளையில் அரை ஆம்பியர் வந்தாலே அதிகம். கூட வந்த அடாப்டரை ஒரு ஊரில் மறந்து விட்டுவிட்டு, அவசரத்துக்கு ஒரு கடையில் '3 ஆம்பியர்' என்று ஒட்டியிருந்த அடாப்டரை வாங்கினேன். ஒத்திகையில் ஓடியது. மேடையில் ஏழாவது பாட்டில் பெட்டி தானாக அணைந்து எழுந்தது, அப்புறம் பத்தாவது பாட்டில் மறுபடியும். சரியான அடாப்டர் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று பெடல் போர்டிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு விநாடியிலும் பெட்டி அணையும், மறுபடி கண் விழிக்க நேரம் எடுக்கும். அதற்காகக் கம்ப்யூட்டருக்கு வாங்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றைக் கூடவே கொண்டுபோகிறேன். மொத்தக் குழுவும் இருட்டில் நிற்கும்போது அதனால் பிரயோஜனமில்லைதான். கரண்ட் வந்ததும் முதல் ஆளாக நான் தயாராக இருப்பேன், கீபோர்டு எழுந்து வரும்வரை ஏதாவது ஒரு மெட்டை வாசித்துக் கூட்டத்தைப் பிடித்து வைப்பேன்.

மே மாத வெயிலில் பெட்டி நன்றாகச் சூடாகும், அதனால் நின்றதில்லை. ஃபுட்ஸ்விட்ச் மூன்றும் இன்றுவரை ஒழுங்காக இருக்கின்றன. பாட்டுக்கு ஐந்தாறு தடவை எஃபெக்ட் மாற்றி வாசிப்பவர்களுக்கு மூன்று சுவிட்ச் போதாது. அவர்கள் எட்டு சுவிட்ச் உள்ள எக்ஸ்எல் மாடலைப் பார்க்கலாம். கெம்பர், குவாட் கார்டெக்ஸ், பாஸ் (Boss) ஜிடி-1000 என்று இதே வகைப் பெட்டிகளில் எதை வைத்திருந்தாலும் மண்டபத்தின் பின்வரிசையில் போய் நின்று கேட்காமல் மேடைக்கான சத்தம் அமையாது என்பதே என் அனுபவம்.

நைலான் கிடார் சத்தம் மட்டும் இந்தப் பெட்டியில் எனக்கு வரவில்லை. எண்பதுகளின் பாட்டு பாதி அதில்தான் ஆரம்பிக்கும். எத்தனையோ ஈக்யூ போட்டுப் பார்த்தேன், ஸ்டீல் கம்பி ஸ்டீல் கம்பியாகவே கேட்கிறது. அதற்காக ஒரு நைலான் கிடாரைத் தனி ஸ்டாண்டில் வைத்து, தனி டிஐ, தனி சேனல் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பாட்டு வரும்போது ஸ்டாம்ப்பின் சுவிட்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் டியூனர் வரும், எலெக்ட்ரிக் கிடார் ஊமையாகிவிடும். கிடாரை மாற்றிக்கொண்டு முதல் ஸ்வரத்தைத் தொட்டதும் கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்.