சிவப்பு கிளீட்டை 9 பாகை என்று விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

கண்டியில் சைக்கிள் கிளீட் (சப்பாத்தின் அடியில் திருகி, பெடலில் பூட்டுகிற பிளாஸ்டிக் துண்டு) வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

என் பெடல் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி-எஸ்எல் வகை. கிளீட் தேய்ந்துவிட்டதால், கால் சற்று அசைய இடம் தருகிற ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பூட்டிய கால் திரும்பக்கூடிய அந்த இடத்தைத்தான் பாகையில் சொல்வார்கள். கடைக்காரர் சிவப்பை எடுத்து நீட்டினார். "தம்பி, இது 9 பாகை. இதைவிட நல்லது கிடையாது" என்றார். அவரே சப்பாத்தில் பொருத்தி, அதற்கும் தனியாகக் காசு வாங்கினார்.

அவர் சொன்னது லுக் என்ற வேறு நிறுவனத்தின் கியோ பெடலுக்கான கணக்கு. அங்கேதான் சிவப்பு 9 பாகை. ஷிமானோவில் மஞ்சள் 6, நீலம் 2, சிவப்பு பூச்சியம். கால் இம்மியும் அசையாது. இரண்டுக்கும் மூன்று திருகாணிகள்தான், ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் சேராது. இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏற்றத்தில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் சுண்டத் தொடங்கியது. நுவரெலியா போய்ச் சேருவதற்குள் படி இறங்க முடியவில்லை. வளைந்து வளைந்து ஏறும் பாதையில், கோணலாகப் பூட்டிய பாதத்தின் சுமையெல்லாம் முழங்காலுக்குத்தான்.

கழற்றப் பார்த்தால் அடுத்த கொடுமை. திருகாணியின் அறுகோணக் குழி வழுவழுவென்று வட்டமாகிக் கிடந்தது. 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் போதுமான இடத்தில் பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள். புரியில் ஒரு துளி கிறீஸ் இல்லை. நம் மலைநாட்டு மழைக்குத் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? துளையிட்டுத்தான் எடுத்தோம். கடைக்குக் கொண்டுபோனால், "பொருத்திய சாமானைத் திருப்பி எடுப்பதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பொதியில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: எஸ்எச்11 மஞ்சள், எஸ்எச்12 நீலம், எஸ்எச்10 சிவப்பு. பொருத்துவதை நீங்களே செய்யுங்கள். பழையதைக் கழற்றுமுன் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் இடம் மாறாது. புரிக்குக் கிறீஸ் பூசுங்கள். தேநீர்க் கடைக்கு இறங்கி நடக்கும்போது ரப்பர் உறை மாட்டுங்கள். தோட்டத்துச் சரளைக்கல் பாதை பிளாஸ்டிக்கை அரம்போல் தின்றுவிடும். மஞ்சள் கிளீட்டின் ஓரத்து மஞ்சள் முனைகள் தேய்ந்து மறைந்தால் மாற்றிவிடுங்கள். பாதித் தேய்ந்தது ஏற்றத்தில் திடீரென்று விட்டுவிடும்.

பற்றுச்சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அதில் பொருளின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நானும் முறையிடப் போகிறேன்.