பூமிக்கு 6000 வயசுன்னு சொல்ற வீடியோ கோர்ஸ்: சார்ட்டுக்கு 4 ஸ்டார், வீடியோவுக்கு 2

படைப்பும் பூமியின் வயசும் பத்தின வீடியோ கோர்ஸ் இது, கூடவே ஒரு ஒர்க்புக், சுவத்துல ஒட்டுற மாதிரி நீளமா ஒரு டைம்லைன் சார்ட், கடைசில ஆன்லைன் க்விஸ், பாஸ் பண்ணா சர்ட்டிஃபிகேட். ஞாயிறு பள்ளி டீச்சர்ஸ், வாலிபர் கூட்டம் நடத்துறவங்க இவங்களுக்குன்னே போட்டு விக்கிறாங்க. எந்த ஊழியம்னு பேர் போட்டு சண்டை இழுக்க விரும்பல, இந்த மாதிரி செட் பல பேர் விக்கிறாங்க, உள்ள சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். நானும் விசுவாசிதான், அதனால "நாத்திகன் வந்து ஒரு ஸ்டார் குடுத்துட்டான்"னு கமெண்ட்ல ஆரம்பிக்க வேணாம்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். சார்ட் சூப்பர். ஆதியாகமம் 5ஆம் அதிகாரம் வாசிக்கும்போது "இத்தனை வயசுல இவனைப் பெத்தான், மரிச்சான்"னு வேகமா தாண்டிப் போயிடுவோம்ல, அத அப்படியே பட்டை பட்டையா கலர்ல வரைஞ்சு வச்சிருக்காங்க. ஆதாம் 930 வருஷம் இருந்தாரு, நோவாவோட அப்பா லாமேக்கு பிறந்தது ஆதாமோட 874ஆவது வருஷம், அப்போ லாமேக்கும் ஆதாமும் 56 வருஷம் ஒரே காலத்துல இருந்திருக்காங்க. பட்டையப் பார்த்ததும் பசங்க "அப்போ லாமேக்கு ஏதேன் கதைய நேர்லயே கேட்டிருக்கலாமா"ன்னு கேக்குறாங்க, நல்ல கேள்வி. மெத்தூசலாவோட 969 வருஷப் பட்டை சரியா ஜலப்பிரளயம் வந்த 1656ஆவது வருஷக் கோட்டுல வந்து முட்டி நிக்குது. கூட்டிப் பார்த்தேன், தப்பே இல்ல.

அடுத்து ஜேம்ஸ் அஷர் பத்தின வீடியோ. அயர்லாந்துல ஆர்மா பேராயரா இருந்தவரு, 1650ல புத்தகம் போட்டு கி.மு. 4004, அக்டோபர் 23க்கு முந்தின சாயங்காலம் படைப்பு தொடங்குச்சுன்னு சொன்னாரு. நிறைய பேர் இத கிண்டல் பண்றதோட நிறுத்திடுவாங்க. இந்த வீடியோ அவரு எப்படி கணக்கு போட்டாருன்னு காட்டுது, வெறும் வயசுகள கூட்டிட்டு விடல, ராஜாக்கள் புத்தகத்துல வர்ற பாபிலோன் ராஜா ஏவில் மெரோதாக் பட்டத்துக்கு வந்த வருஷத்தப் பிடிச்சு, நேபுகாத்நேச்சார் செத்த கி.மு. 562வோட கோர்த்து, அங்கிருந்து பின்னாடி நடந்து போயிருக்காரு. அந்தக் காலத்துக்கு அது பெரிய ஆராய்ச்சி. 1701லேருந்து இங்கிலீஷ் பைபிள் ஓரத்துல அவர் தேதிகள அச்சடிச்சதாலதான் 4004 இவ்ளோ பேமஸ். இந்த ஒரு வீடியோவ மட்டும் தனியா வித்தா தாராளமா வாங்கலாம்.

ஆனா இங்கதான் முதல் குறை. சார்ட் முழுக்க எபிரெய பைபிள்ல இருக்குற நம்பர்தான், அது தப்பில்ல, வேற நம்பரும் இருக்குன்னு எங்கயாச்சும் ஒரு மூலைல சொல்லியிருக்கணும்ல. ஆதி சபை வாசிச்ச கிரேக்க பழைய ஏற்பாட்டுல சேத் பிறக்கும்போது ஆதாமுக்கு 130 இல்ல, 230. இப்படி பல பேருக்கு நூறு நூறா ஏறிட்டே போகும், அதனாலதான் பைசாந்தியர்கள் உலகம் உண்டானது கி.மு. 5509ன்னு வச்சிருந்தாங்க, யூத காலண்டர் 3761ங்குது, பீட் துறவி 3952ன்னாரு. கிரேக்கப் பிரதிகள் சிலதுல கணக்கு போட்டா மெத்தூசலா ஜலப்பிரளயத்துக்கு அப்புறமும் 14 வருஷம் இருக்கணும், ஆனா பேழைல ஏறுன எட்டு பேர்ல அவரு இல்ல! பழைய காலத்து பைபிள் பண்டிதர்கள் மண்டைய உடைச்சுக்கிட்ட விஷயம் இது, பசங்களுக்கு சொன்னா கண்ண விரிச்சு கேப்பாங்க, ஆனா கோர்ஸ்ல மூச்சு விடல. "வேதம் தெளிவா 6000ன்னு சொல்லுது"ன்னு ஒவ்வொரு வீடியோலயும் சொன்னா போதுமா, அந்தத் தெளிவு எங்க இருக்குன்னு காட்டணும்ல.

ரெண்டாவது பகுதி பாறை, விஞ்ஞானம். இங்க இறங்குது பாருங்க. மியூசிக், கிராஃபிக்ஸ் எல்லாம் பிரமாதம், சரக்குதான் கம்மி. செத்த உயிர்களோட வயச அளக்க உதவுற கார்பன் 14ஐப் பிடிச்சு அரை மணி நேரம் அடிக்கிறாங்க. அதோட அரை ஆயுள், அதாவது பாதி சிதைஞ்சு போக ஆகுற காலம், 5730 வருஷம், சுமார் 50,000 வருஷத்துக்கு மேல அத வச்சு எதையும் அளக்க முடியாது, பூமியோட வயச யாரும் கார்பன வச்சு அளக்கவே இல்ல. 1956ல கிளேர் பேட்டர்சன்ங்குற விஞ்ஞானி விண்கல்லுல இருந்த ஈயத்த அளந்துதான் சுமார் 455 கோடி வருஷம்னு சொன்னாரு, இன்னைக்கு வரைக்கும் அது பெருசா நகரல. ஆஸ்திரேலியா ஜாக் ஹில்ஸ்ல கிடைச்ச சிர்கான் பொடிக் கல்லுங்களுக்கே 440 கோடி வருஷம் வரைக்கும் வருது. பேட்டர்சன் பேரே கோர்ஸ்ல இல்ல. இளம் பூமி, அதாவது பூமிக்கு சில ஆயிரம் வருஷம்தான்ங்குற பக்கம் நின்னு அவருக்கு பதில் சொல்லுங்க, கேக்க ரெடியா இருக்கேன், ஆளையே காட்டாம ஜெயிச்சிட்டோம்னு சொன்னா என்ன அர்த்தம்.

அப்புறம் அந்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை. 1980ல வெடிச்ச மலை, அதுக்கப்புறம் 1986 வாக்குல உறைஞ்ச பாறைய எடுத்து பொட்டாசியம் சிதைஞ்சு எவ்ளோ ஆர்கான் வாயு ஆகியிருக்குன்னு பார்த்து வயசு சொல்ற பொட்டாசியம் ஆர்கான் முறைல டெஸ்ட் பண்ணா 3.5 லட்சம் வருஷம்னு வந்துச்சாம், அதனால எல்லா பாறை வயசும் பொய்யாம். டெஸ்ட் நடந்தது நிஜம். ஆனா பொட்டாசியம் 40ஓட அரை ஆயுள் 125 கோடி வருஷம், பத்து வருஷப் பாறைல அதுலேருந்து உண்டாகுற ஆர்கான் அளக்க முடியாத அளவு கம்மி, ஏற்கனவே எரிமலைக் குழம்புல மிதந்துட்டு வந்த பழைய படிகங்கள்ல சிக்கியிருக்குற ஆர்கான் கொஞ்சம் இருந்தாலும் ரிசல்ட் எகிறிடும். லாரி எடை போடுற மேடைல ஏலக்காய வச்சிட்டு மேடை பொய் சொல்லுதுன்னு சொல்ற கதைதான்.

இதவிட எனக்கு உறுத்துனது வேற. இளம் பூமி ஆராய்ச்சியாளர்களே ஒண்ணா சேர்ந்து 1997லேருந்து 2005 வரைக்கும் ரேட்னு ஒரு ப்ராஜெக்ட் பண்ணாங்க, கதிரியக்கச் சிதைவ பத்தி. அதோட முடிவுல அவங்களே ஒத்துக்கிட்டது, இப்போ இருக்குற வேகத்துல பார்த்தா 50 கோடி வருஷத்துக்கும் மேல நடக்க வேண்டிய சிதைவு பாறைகள்ல நடந்திருக்கு. அப்போ 6000 வருஷத்துக்குள்ள எப்படி அடங்கும்? படைப்பு வாரத்துலயும் ஜலப்பிரளயத்து வருஷத்துலயும் சிதைவு பயங்கர வேகமா நடந்துச்சுங்குறது அவங்க விளக்கம். அப்படி நடந்தா வர்ற சூடு பூமிய உருக்கிடுமே, அதுக்கு இன்னும் திருப்தியான பதில் இல்லன்னும் அவங்களே எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அவங்க மேல மரியாதை வந்தது இந்த இடத்துலதான், சங்கடமான விஷயத்த மறைக்கல. ஆனா கோர்ஸ்ல ரேட் பேர் வருது, "சிதைவு வேகம் மாறியிருக்கு"ங்குற பாதி மட்டும் வருது, சூடு பத்தி ஒரு வரி கூட இல்ல. சொந்தக்காரங்க ஒத்துக்கிட்டதையே வெட்டி எறிஞ்சா எப்படிங்க?

நட்சத்திர வெளிச்சம் பத்தி மூணே நிமிஷம். ஆந்த்ரோமேடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு தூரம், அதாவது அங்கிருந்து வெளிச்சம் வரவே 25 லட்சம் வருஷம் ஆகும், 6000 வருஷத்துல அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்கு எப்படி வந்துச்சுன்னு பத்து வயசுப் பையன் கேப்பான். "கர்த்தரால் எல்லாம் கூடும்"னு சொல்லிட்டு அடுத்த டாபிக். ஆமென், கூடும்தான், ஆனா அதுக்கு வீடியோ கோர்ஸ் எதுக்கு.

மத்த கிறிஸ்தவர்கள காட்டுற விதம்தான் மொத்த செட்லயும் மோசம். 6000 வருஷம் ஒத்துக்காதவன் எல்லாம் டார்வின் கட்சிங்குற மாதிரி பேசுறாங்க. 1814லயே தாமஸ் சால்மர்ஸ்னு ஸ்காட்லாந்து பிரசங்கியார் ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் ரெண்டாவது வசனத்துக்கும் நடுவுல எவ்ளோ காலம் வேணா போயிருக்கலாம்னு சொல்லிட்டாரு, அப்போ டார்வினுக்கு வயசு 5. 1909ல வந்த ஸ்கோஃபீல்டு பைபிள் குறிப்புலயும் அதே இடைவெளிக் கருத்துதான், அத வச்சு வளர்ந்த பழமைவாத சபைங்க எத்தனையோ. அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல பரிணாமம் சொல்லிக் குடுத்ததுக்காக ஒரு டீச்சர் மேல போட்ட 1925 ஸ்கோப்ஸ் வழக்குல பரிணாமத்துக்கு எதிரா நின்ன வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், கோர்ட்டுலயே, படைப்பு நாள் ஒவ்வொண்ணும் 24 மணி நேரம்னு அவசியமில்லன்னு சொன்னாரு. அந்த வழக்க பத்தி கோர்ஸ்ல பத்து நிமிஷம் வருது, பிரையன் ஹீரோ, ஆனா இந்த வாக்குமூலம் மட்டும் காணோம். இன்னைக்கு நாம கேக்குற ஜலப்பிரளயமே எல்லா பாறையடுக்கையும் உண்டாக்குச்சுங்குற வாதம் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ்ங்குற அட்வென்டிஸ்ட் சபைக்காரர் எழுதி வளர்த்தது, 1961ல விட்காம்ப், மோரிஸ்னு ரெண்டு பேர் அதே வாதத்த வச்சு புத்தகம் போட்டப்புறம்தான் மத்த சபைகள்ல இந்த அளவு பரவுச்சு. இதெல்லாம் சொன்னா யாரும் விசுவாசத்த விட்டு ஓடிட மாட்டாங்க.

டப்பிங் பரவால்ல, ஒருத்தரே எல்லாருக்கும் குரல் குடுத்திருக்காரு போல. ஒர்க்புக் பேப்பர் மெலிசு, ஸ்கெட்ச் பென் பின்பக்கம் தெரியும், பென்சில் வச்சுக்கோங்க. சார்ட் லேமினேட் பண்ணது, நல்ல கனம்.

யாருக்கு வாங்கலாம்னா, வகுப்பு எடுக்குறவங்க சார்ட்டையும் அஷர் வீடியோவையும் தைரியமா யூஸ் பண்ணலாம், பக்கத்துலயே கிரேக்க நம்பர்கள ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிடுங்க. பாறை வீடியோக்கள காலேஜ் படிக்கிற பசங்களுக்கு போடாதீங்க, ஜியாலஜி படிக்கிற ஒரே ஒரு பையன் இருந்தா போதும், நீங்க சொன்ன மத்த விஷயத்தையும் சேர்த்து சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவான்.

க்விஸ்ல கடைசி கேள்வி, பூமியின் வயது என்ன, மூணு ஆப்ஷன்: சுமார் 6000, சுமார் 450 கோடி, வேதம் சொல்லவில்லை. நான் மூணாவத டிக் பண்ணேன், தப்புன்னு வந்துச்சு, மத்ததெல்லாம் சரியா இருந்தும் இந்தக் கேள்வி கட்டாயமாம், ஃபெயில். சர்ட்டிஃபிகேட் வேணும்னா முதல் ஆப்ஷன தொட்டுடுங்க, ரீடேக் எத்தனை தடவ வேணாலும் குடுக்குறாங்க.