புதுவயல் ரோட்டு லேத் பட்டறையில் எங்கள் 1035

அப்பா 1986-ல் வாங்கிய மேஸி பெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. சென்னை டாஃபே கம்பெனி வண்டி, உள்ளே சிம்ப்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின். அப்பா போன பிறகு காரைக்குடிக்குப் பக்கத்தில் கல்லல் பக்கம் உள்ள நிலத்தை நான்தான் பார்க்கிறேன்.

போன ஆவணியில் புழுதி உழவுக்கு ஒன்பது கொழுவை இறக்கியதும் வண்டி திணற ஆரம்பித்தது. தினமும் ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயில் உள்ளங்கையை வைத்தால் புகை புஸ்ஸென்று தள்ளியது. பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் டீசல் பம்பு சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டிவிட்டார். இரண்டு நாள் நன்றாக இழுத்தது. அப்புறம் கன்னங்கரேலென்று புகை, ரேடியேட்டர் கொதிப்பு. கரும்புகை என்றால் எரியாத டீசல் வெளியே போகிறது என்றுதான் அர்த்தம், பவர் கூடியது என்று அர்த்தமில்லை. இது எனக்கு அப்போது தெரியாமல் போய்விட்டது. அந்த வருஷ உழவு முழுக்க வாடகை வண்டியில்தான் முடிந்தது.

அறுவடை முடிந்து மாசியில் புதுவயல் ரோட்டில் இருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர்ப்பலகை கிடையாது. அரிசி ஆலைகளின் மோட்டார், ஷாஃப்ட் வேலைதான் அங்கே அதிகம், டிராக்டரும் பார்க்கிறார்கள். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் போன அன்று அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் புகையைப் பார்த்தார். நீலமாக வந்தது, ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிறகு ஓடும்போதே சிலிண்டருக்கு டீசல் தெளிக்கிற ஒவ்வொரு நாஸிலின் பைப் நட்டையும் தளர்த்திக் காது கொடுத்துக் கேட்டார். முதலாவதையும் மூன்றாவதையும் தளர்த்தியபோது எஞ்சின் சத்தம் இறங்கியது. இரண்டாவதைத் தளர்த்தினால் ஒரு மாற்றமும் இல்லை. "தாயி, ரெண்டாவது சிலிண்டர் வேலையே செய்யல. மத்த ரெண்டும் சேர்ந்து அதையும் இழுக்குது" என்றார்.

பிரித்த பிறகு என்னைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து காட்டினார். பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய்தான் லைனர். பிஸ்டனின் மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் அது அதிகம் தேயும். ஒன்றிலும் மூன்றிலும் 8 தௌ, இரண்டில் 14 தௌ தேய்ந்திருந்தது. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏன் இரண்டு மட்டும் இப்படி என்று கேட்டேன். பிளாக்கின் தண்ணீர் வழியைக் குச்சியால் கிண்டினார், கைநிறைய உப்புப் பொருக்கும் சேறும் வந்தது. நாங்கள் வருஷக்கணக்காக ஊற்றியது போர்வெல் தண்ணீர். முற்றத்தில் மழைநீர் பிடித்துக் குடிக்கிற ஊரில், ரேடியேட்டருக்கும் அந்தத் தண்ணீர்தான் நல்லது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்து அன்று மனசு கஷ்டப்பட்டது. இப்போது கூலன்ட் கலந்துதான் ஊற்றுகிறேன்.

பழைய லைனர்களைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியவற்றை இறக்கி, உள்பக்கத்தை அளவுக்குக் கடைந்து (போர் பண்ணி), கல்லால் தேய்த்து ஹோன் போட்டார். ஹோன் போட்ட குறுக்குக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், வழவழவென்று விட்டால் ரிங் உட்காராது என்றார். கிராங்க் தண்டில், கன்ராட் பேரிங் உட்காரும் இரண்டு ஜர்னலுக்குப் பத்து தௌ அண்டர்சைஸ், அதாவது அந்த அளவு சிறிதாக்கினால் போதும், ஒன்றுக்கு மட்டும் இருபது தேவைப்பட்டது. மூன்றையும் இருபதாகவே கிரைண்டிங் செய்தார். அளவு கலந்து கிடந்தால் பின்னால் பேரிங் வாங்கப்போகிறவர் குழம்பிவிடுவார் என்பதற்காக. ஆயில் வழிகளின் பிளக்கைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவினார். வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். "நல்லா இருக்கறதுக்கு எதுக்குக் காசு?" என்று மறுத்துவிட்டார்.

பம்பும் நாஸிலும் மதுரைக்குப் போய் டெஸ்ட் பெஞ்சில் ஏறி, கம்பெனி அளவுக்கே டீசல் வைத்து சீல் போட்டு வந்தன. இது ரோட்டரி பம்பு. உள்ளே இருக்கிற பாகங்களுக்கு டீசலேதான் ஆயில். டீசலில் தண்ணீர் கலந்தால் பம்பு போச்சு. அதனால் இப்போது கேனிலிருந்து வடிகட்டாமல் ஊற்றுவதில்லை.

கோக்கும்போது ஒவ்வொரு பேரிங் கேப்பையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். வால்வு இடைவெளி ஆறிய எஞ்சினில் 12 தௌ. ஓட்டிச் சூடான பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வையும் மறுபடி பார்த்தார்.

குறையும் உண்டு. பன்னிரண்டு நாள் என்றது இருபத்தாறு நாள் ஆனது. பேரிங் வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் போனையாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். பில்லும் டைரித் தாளில் எழுதியதுதான். மொத்தம் 64,300 ரூபாய், அதில் பம்பு வேலைக்கு மட்டும் 13,500. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எஞ்சின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரில் ஆயில் கசிந்தது. சொன்ன மறுநாளே மொபட்டில் வந்து கேஸ்கட் மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

முதல் 50 மணி நேரம் ரோட்டாவேட்டர் போடக் கூடாது, சும்மா ஐடிலில் விட்டுவைக்கவும் கூடாது என்றார். டிரெய்லரில் எருக்குப்பை அடித்தே அந்த மணி நேரத்தை ஓட்டி, ஆயில் மாற்றினேன். இந்த ஆவணியில் கண்மாய்க்குக் கீழே இருக்கும் களிமண் செய்யில் ஒன்பது கொழுவையும் இறக்கினேன். முன்பு முதல் கியரிலேயே திணறிய இடம், இரண்டாவதில் சத்தம் மாறாமல் போனது. உழவு முடியும் வரை ஒரு சொட்டு ஆயில்கூடச் சேர்க்கவில்லை.

வண்டி கொடுப்பதாக இருந்தால் மாசி, பங்குனியிலேயே கொடுத்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் அந்தப் பட்டறை வாசலில் நிறுத்த இடம் இருக்காது. கழற்றிய பழைய சாமான்களை அவரே சாக்கில் கட்டி வைத்திருப்பார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது லைனரை நான் ஷெட்டில்தான் வைத்திருக்கிறேன்.