கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பு: பதினெட்டு மாத அனுபவமும் மாதாந்திரக் கணக்கும்

என் பெற்றோர் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு, கோவையில் தொண்டாமுத்தூர் சாலையை ஒட்டியுள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். அப்பா அஞ்சல் துறையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு வயது 75, அம்மாவுக்கு 70. இந்தப் பதினெட்டு மாதங்களில் அந்த இடத்தின் நல்லதையும் கெட்டதையும் ஓரளவு அறிந்துகொண்டதால், இதே முடிவை எடுக்கவிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். குடியிருப்பின் பெயரை வேண்டுமென்றேதான் தவிர்த்திருக்கிறேன். நான் குறை சொல்லப்போகும் ஒப்பந்த விதிகள், நாங்கள் பார்த்த ஐந்து இடங்களில் நான்கில் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் இருந்தன.

எங்களை இந்த முடிவுக்குத் தள்ளியது ஓர் இரவு. 2023 ஆடி மாதத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அம்மாவால் அவரைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆள் வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. நான் பெங்களூரில் இருக்கிறேன், தங்கை வெளிநாட்டில் இருக்கிறாள். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியில் விசாரித்தபோது மாதம் 24,000 ரூபாய் கேட்டார்கள். அந்த ஆளுக்குச் சாப்பாடும் நாம்தான் போட வேண்டும், சமையல் வேலை அம்மாவின் தலையில்தான் இருக்கும். அதனால்தான் கோவைப் பக்கம் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டின் குளியலறையிலும் படுக்கையருகிலும் இழுத்தால் மணி அடிக்கும் கயிறு இருக்கிறது. குடியேறிய முதல் வாரத்தில் இரவு இரண்டு மணிக்கு நானே ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் செவிலியர் வாசலில் நின்றார், சோதனைக்காக இழுத்தேன் என்றதும் முகம் சுளிக்காமல் அப்பாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார், ஆம்புலன்ஸ் வளாகத்திலேயே நிற்கிறது. தரையில் எங்கும் படி கிடையாது, கதவுகள் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கின்றன. உணவுக்கூடத்தில் மூன்று வேளையும் சைவச் சமையல். கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதம் அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காபி விஷயத்தில் மட்டும் கும்பகோணத்துக்காரர்களால் சமாதானமாக முடியவில்லை. அம்மா அதைத் தன் கையால் தனியாகப் போட்டுக்கொள்கிறார். அதைத் தவிர 46 ஆண்டுகளுக்குப் பிறகு அடுப்படியிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்திருக்கிறது. மாலையில் ஆறேழு பேருடன் உட்கார்ந்து திருப்புகழ் பாடுகிறார். இந்த நிம்மதிக்கு விலை போட முடியாது என்பதை மனதாரச் சொல்கிறேன். இனி எழுதப்போகும் கணக்கு இந்த நிம்மதி நீடிக்க வேண்டும் என்ற கவலையில் போட்டதுதான்.

வீடு 640 சதுர அடி, ஒரு படுக்கையறை, விலை 46 லட்சம். பணி முடிந்து நிறைவுச் சான்றிதழும் வாங்கிவிட்ட கட்டடம் என்பதால், கட்டுமானத்தில் உள்ள வீடுகளுக்கான 5 சதவீத ஜிஎஸ்டி எங்களுக்கு வரவில்லை. 50 லட்சத்துக்கு உட்பட்ட புதிய அடுக்குமாடி வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2,76,000 ரூபாய் ஆயிற்று. அதே வளாகத்தில் ஒருவர் ஏற்கெனவே வாங்கிய வீட்டை மறுவிற்பனையில் வாங்கியிருந்தால் இது 7 சதவீதமும் 2 சதவீதமுமாக ஒன்பதாக உயர்ந்திருக்கும். வீடு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மறுவிற்பனைக்குப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். இவற்றோடு கார்பஸ் நிதி, அதாவது வளாகத்தின் எதிர்காலப் பெருஞ்செலவுகளுக்கான பொது நிதி என்று 2,50,000 ரூபாய் வாங்கினார்கள். வீட்டை விற்றுப் போனாலும் அது திரும்பி வராது. எல்லாம் சேர்ந்து 51 லட்சத்து 26 ஆயிரம். கும்பகோணத்து வீடு 72 லட்சத்துக்குப் போனதால், மீதியில் 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்குப் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 41,000 ரூபாய் வருகிறது.

விலைக்கு வாங்காமல், பெரிய வைப்புத்தொகை கட்டிக் குத்தகை முறையில் குடியேறும் வழியும் இருந்தது. வைப்புத்தொகையின் பெரும் பகுதி பின்னர் திரும்பக் கிடைக்கும் என்பதால் அது சிலருக்குப் பொருந்தும். ஆனால் சொந்த வீட்டை விற்றுவிட்டு வருகிறவர்கள் வரியையும் யோசிக்க வேண்டும். பழைய வீட்டை விற்ற லாபத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் இன்னொரு வீடு வாங்கப் பயன்படுத்தினால் மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு. வைப்புத்தொகை கட்டுவது வீடு வாங்கியதாகாது. 1980களில் சில ஆயிரங்களுக்கு வாங்கிய மனையில் கட்டிய வீடென்றால் இந்த ஒரு வித்தியாசமே பல லட்சங்களில் வந்து நிற்கும்.

விற்பனைப் பிரிவினர் இந்த முதல் செலவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். மாதச் செலவைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் பதில் வரும். எங்கள் கணக்கு இது. பராமரிப்புக் கட்டணம் இப்போது மாதம் 9,720 ரூபாய். வீட்டைப் பெருக்கித் துடைப்பது, செவிலியர் சேவை, காவல், தோட்டம் எல்லாம் இதில் அடக்கம். அதைக் குடியிருப்பை நடத்தும் நிறுவனமே வசூலிப்பதால் முழுத் தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 1,750 ரூபாய். சாப்பாடு தலைக்கு 7,776, இருவருக்கும் 15,552. அதற்கு 5 சதவீத வரி 778 ரூபாய். ஆக, மின்சாரமும் மருந்தும் சேராமல் 27,800 ரூபாய் ஆகிறது. மின்சாரம், மருந்து, தொலைபேசி, பால், செய்தித்தாள் எல்லாம் சேர்த்தால் மாதம் 35,000 ரூபாயை நெருங்கிவிடுகிறது. அப்பாவின் அடிப்படை ஓய்வூதியம் 24,500. 2025 ஜனவரி முதலான 55 சதவீத அகவிலைப்படியோடு 37,975 ரூபாய் வந்தது. இப்போதைக்குப் போதும்.

இந்தப் போதுமை எத்தனை நாளைக்கு என்ற கேள்வியைத்தான் நாங்கள் கையெழுத்திடும் முன் சரியாகக் கேட்கவில்லை. குடியேறியபோது இதே கட்டணம் வரியுடன் 25,740 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரலில் 8 சதவீதம் ஏற்றியதில் 2,060 ரூபாய் கூடியது. 2024 ஜனவரியில் 50 சதவீதமாக இருந்த அகவிலைப்படி, 2025 ஜனவரியில் 55 ஆயிற்று. அகவிலைப்படி ஐந்து ஏறியது என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஐந்து சதவீதம் அடிப்படைத் தொகைக்கு மட்டும்தான். கையில் கூடுதலாக வந்தது 1,225 ரூபாய், அதாவது மொத்த ஓய்வூதியத்தில் மூன்றே கால் சதவீதத்துக்குச் சற்று அதிகம். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறிக்கொண்டே போனால் ஒன்பது ஆண்டில் இரட்டிப்பாகும். ஒப்பந்தத்திலோ, கட்டணத்தை நிர்வாகம் அவ்வப்போது நிர்ணயிக்கும் என்ற ஒரே வரிதான் இருக்கிறது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்த திட்டம்தானே என்று நாங்கள் நம்பியிருந்தோம். வாங்குவோரின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைப்பது, கட்டடக் குறைகளுக்கு ஐந்து ஆண்டுப் பொறுப்பு போன்றவற்றில் அந்தச் சட்டம் உண்மையிலேயே துணை நிற்கிறது. மாதக் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று அது உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் இல்லங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது என்றாலும், அவை மாநிலங்களுக்கான மாதிரி நெறிகளே.

அடுத்ததை எழுத மனம் வரவில்லை என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் காலத்தின் கணக்கு அது. அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்பா இப்போது வாங்குவது 50 சதவீதம். ஆகவே அந்த 55 சதவீத அகவிலைப்படி நிலவரப்படி 37,975 என்பது 22,785 ஆகக் குறையும், இழப்பு 15,190. குடியிருப்பின் கட்டணத்தில் குறைவதோ ஒருவரின் சாப்பாடு மட்டும், வரியோடு 8,165 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்குத்தான் என்பதால் ஒருவர் இருந்தாலும் இருவர் இருந்தாலும் அது ஒன்றுதான். வட்டிப் பணம் இருப்பதால் அதுவரைக்கும் கூட அம்மா சமாளித்துவிடுவார்.

அதற்கு மேல் அவர் படுக்கையில் விழுந்து, வளாகத்திலேயே உள்ள உதவிப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற நேர்ந்தால் அங்கே மாதம் 42,000 ரூபாய். டயப்பர், மருந்து, மருத்துவர் கட்டணம் எல்லாம் தனி. பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் வரியுடன் 11,470 கட்டியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து 53,470. குடும்ப ஓய்வூதியமும் சேமிப்பின் வட்டியும் சேர்ந்து சுமார் 36,450. மாதம் 17,000 ரூபாய் துண்டு விழும். வீட்டை வாடகைக்கு விடலாம், ஆனால் 55 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்தான் விட முடியும். விற்கலாம், அதற்கும் அதே வயது வரம்போடு விற்பனை விலையில் 3 சதவீதம் பெயர் மாற்றக் கட்டணம் உண்டு. வாங்குவோர் வட்டம் சுருங்கும்போது விலையும் இறங்கும். நிர்வாகத்துடன் நான் சண்டை போட்டதெல்லாம் இந்தப் பூட்டிய வீட்டு விதிக்காகத்தான். தங்கள் வளாகத்திலேயே இன்னொரு அறைக்கு 42,000 கட்டும் ஒரு மூதாட்டியிடம், அவர் பெருக்கச் சொல்லாத வீட்டைப் பெருக்கும் கட்டணத்தையும் வாங்குவது நியாயமில்லை. மூன்று கடிதங்களுக்குப் பிறகு, முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் தள்ளுபடி என்று எழுத்தில் தந்தார்கள். அதையும் எல்லாருக்கும் பொதுவான விதியாக்க மறுத்துவிட்டார்கள். சாப்பாட்டிலும் இதே மனப்பான்மைதான்: பெற்றோர் இருபது நாள் பெங்களூரில் எங்களோடு தங்கியபோது, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும், சாப்பிடாத நாட்களின் கட்டணத்தில் பாதியைத்தான் கழித்தார்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இந்த இடம் யாருக்குக் கட்டுப்படியாகும்? அகவிலைப்படியுடன் ஓய்வூதியம் வாங்குபவர்கள், அதோடு வீட்டை வாங்கிய பின்னும் கையில் குறைந்தது 30 லட்சம் வைத்திருப்பவர்கள் தயங்காமல் போகலாம். அந்த 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் பெயரிலேயே போட இடமுண்டு, மாதத்துக்கு 20,500 ரூபாய் என்ற கணக்கில் வட்டி வரும்; எங்களுக்கு விழும் துண்டில் ஐந்தில் இரண்டு பங்கை அந்தக் கூடுதல் பத்து லட்சமே குறைத்திருக்கும். தனியார் வேலையில் இருந்து, வருங்கால வைப்புநிதி ஓய்வூதியமாக இரண்டாயிரம் மூவாயிரம் வாங்குபவர்கள், இருக்கிற ஒரே வீட்டை விற்று முழுப் பணத்தையும் இப்படியொரு வீட்டில் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவர்கள் அறக்கட்டளைகள் நடத்தும் கட்டண முதியோர் இல்லங்களைப் பார்க்கலாம். வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை, அறுபது வயது நிறைந்தவர்களிடம் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. அங்கே சொத்து என்று ஒன்றும் மிஞ்சாது, ஆனால் கையிலிருக்கும் முதல் கரையாது. அரசு தரும் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை நம்பியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இவை இரண்டுமே எட்டாதவை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விசாரிக்கப் போகிறவர்கள், வீட்டின் விலையைக் கேட்கும் முன், இருவரில் ஒருவர் இல்லாமல் மற்றவர் படுக்கையில் இருக்கும் நிலைக்கான மாதக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் கட்டண உயர்வுக் கடிதங்களை அங்கே குடியிருப்பவர்களிடமே கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்டபோது யாரும் தயங்கவில்லை, நாங்கள்தான் குடியேறிய பிறகு கேட்டோம். உணவுக்கூடத்தில் ஒரு வாரமாவது சாப்பிட்டுப் பாருங்கள்.

பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே எடுத்துக்கொண்டால், பொதுச் செலவுக்காக உறுப்பினரிடம் வசூலிக்கும் தொகையில் மாதம் 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதைத் தாண்டினாலும், தாண்டிய பகுதிக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி எங்கள் வீட்டின் வரி 1,750 ரூபாயிலிருந்து 400க்கு இறங்கும். கட்டண உயர்வையும் குடியிருப்பவர்களே கூடிப் பேசி முடிவு செய்யலாம். வளாகத்தில் 118 வீடுகள் இருக்கின்றன. சங்கம் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் இதுவரை 61 வீட்டார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அப்பா தினமும் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, பழைய அஞ்சலகப் பேரேடு போல் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மீதி வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.