சென்னையிலிருந்து நீரோடி வரை: அம்மாவும் நானும் எங்கள் காரும்

வயதான அம்மாவோடு நெடுந்தூரம் போக கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். மைலேஜ், டச் ஸ்கிரீன், சன்ரூஃப் எல்லாம் அப்புறம். என் அம்மாவுக்கு இரண்டு மூட்டும் தேய்மானம். செடான் காரில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். பெரிய எஸ்யூவி என்றால் காலைத் தூக்கி வைக்கவே முடியாது. அதனால் ஷோரூம்களுக்கு அம்மாவையே கூட்டிப்போய் உட்காரவைத்துப் பார்த்தேன். நின்றபடியே பின்னால் சாய்ந்தால் சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், பிறகு காலை மட்டும் உள்ளே திருப்பிக்கொள்ள வேண்டும். கூரை உயர்ந்த சின்ன ஹேட்ச்பேக் ஒன்றில் அது சரியாக அமைந்தது. "இதுல ஏறினா வீட்டு நாற்காலியில உக்காந்த மாதிரி இருக்கு பாப்பா" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டோம். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே அமைப்பில் வேறு கம்பெனி வண்டிகளும் வருகின்றன, நான் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

1.2 லிட்டர் பெட்ரோல், ஏஎம்டி கியர், அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானே மாறும் கியர். சிஎன்ஜி எடுத்தால் செலவு குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சிலிண்டர் டிக்கியைப் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு டிக்கி காலியாக வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அம்மா பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் கரும்பலகையில் தமிழ்நாட்டின் கரையோரத்தை வரைவார். பழவேற்காட்டில் ஆரம்பித்து, கோடியக்கரையில் மூக்குபோலத் திருப்பி, பாம்பனில் தீவைத் தொங்கவிட்டு, குமரிமுனையில் வளைத்து, மேற்கே நீரோடியில் முடிப்பார். பாடப்புத்தகக் கணக்கில் 1,076 கிலோமீட்டர். அதில் வேளாங்கண்ணிக்குத் தெற்கே அவர் எதையும் கண்ணால் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து, கார் ஓட்டக் கற்று, சொந்தமாக வண்டி வாங்கும்வரை முழுக் கரையையும் பார்க்கும் ஆசை அப்படியே இருந்தது. ஒரே மூச்சில் போக அவர் உடம்பு இடம் தராது. எனவே லீவு கிடைக்கும்போதெல்லாம் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போனோம். இதில் எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் பல வருஷமாக ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவை.

டிக்கி விஷயம் இதுதான். எங்கள் பயணங்களில் காருக்கு அடுத்தபடியாக, சொல்லப்போனால் காருக்கும் மேலாக, உழைத்த பொருள் ஒரு மடக்கு கமோடு நாற்காலி. சர்ஜிக்கல் கடையில் வாங்கியது. நான்கு கால், நடுவில் திறந்த பிளாஸ்டிக் சீட். இந்தியன் டாய்லெட்டின் மேல் வைத்துவிட்டால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டியதில்லை. கிழக்குக் கரையோரம் போகப் போக வெஸ்டர்ன் டாய்லெட் அபூர்வம். பெட்ரோல் பங்கில் இருந்தாலும் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தேட வேண்டும். இந்த நாற்காலி வருவதற்கு முன் அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வருவார். கேட்டால் தாகம் இல்லை என்பார். வயதான பெண்கள் வெளியூர் போகத் தயங்குவதற்குக் கோயிலும் கடலும் பிடிக்காமல் போனது காரணமில்லை, இதுதான் காரணம். வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நாற்காலி வந்தபின் அம்மா தாராளமாகத் தண்ணீர் குடித்தார், இளநீரும் குடித்தார், முகம் வாடாமல் வந்தார். வாங்கும்போது கால்களின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். அது தேய்ந்தால் ஈரத்தரையில் வழுக்கும். நாங்கள் மாற்றிவிட்டோம். உப்புக்காற்றில் மடக்கும் இடத்தில் துரு பிடிக்கிறது, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் தாங்கும்.

காலையில் போடும் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும் வகை என்றால் பயண நாளில் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டோம், நேரத்தை மாற்றித் தந்தார். அதேபோல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் கால் வீங்குவதில்லை. விடியும்போது கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவோம். இரவில் ஓட்டுவதே கிடையாது. எதிரே ஹைபீம், சாலையில் மாடு, விளக்கில்லாத டிராக்டர். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த ரிஸ்க் எனக்கு வேண்டாம்.

பருவம் பார்த்துப் போவது முக்கியம். வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்தபின் டெல்டாக் கரையோரம் அவ்வளவு அழகு. வேதாரண்யத்தில் உப்பளத்தைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த ஊர் என்று எத்தனையோ வகுப்புகளில் சொன்னவர், குனிய முடியாததால் என்னை எடுக்கச் சொல்லி, ஒரு கல் உப்பை வாயில் போட்டுக்கொண்டார். அதற்குத் தெற்கே கோடியக்கரை. அங்கிருந்து கரை மேற்கே திரும்புகிறது. "இங்கதான் சாக்பீஸைத் திருப்புவேன்" என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். சேதுபாவாசத்திரம் பக்கம் மனோராவையும் விடாதீர்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது. அம்மா மாடி ஏறவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்து, வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு வாட்டர்லூ வரைக்கும் கதை சொல்லி முடித்தார்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கூரை உயர்ந்த வண்டியைப் பக்கக்காற்று நன்றாகவே தள்ளுகிறது, ஸ்டீயரிங்கில் கை தளரக்கூடாது. தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், மாலையில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் அம்மா மாதிரி நடக்க முடியாதவர்களும் கடைசி வரை போக முடிகிறது. அதற்கு முன் மணலில் ஜீப்பில் குலுங்கித்தான் போக வேண்டும், மூட்டு தாங்காது. போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் அலையில்லாமல் கிடக்கிறது, வலப்பக்கம் மன்னார் வளைகுடா சீறுகிறது. அங்கே உள்ளவர்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும் இன்னொன்றை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் இந்த ஊரை அழித்தபோது அம்மா ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ரயிலையே கடல் கொண்டுபோனது என்று பெரியவர்கள் பேசியது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடிந்த தேவாலயத்தின் முன் நெடுநேரம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

சாயல்குடி தாண்டி பின்சக்கரத்தில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. டியூப்லெஸ் என்பதால் காற்று மெதுவாகத்தான் இறங்கியது, பஞ்சர் கடை வரை உருட்டிக்கொண்டே போய்விட்டோம். கடைக்காரத் தம்பி சோப்புத் தண்ணீரை ஊற்றி, குமிழி வந்த இடத்தில் முள்ளைப் பிடுங்கி, ஊசியால் துளையைக் குடைந்து, பசை தடவிய திரியைச் செருகி, வெளியே நீட்டிய நுனியை பிளேடால் அறுத்தார். அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தார். பின்பு எனக்கு ஒரு உத்தரவு: இந்தத் திரியும் ஊசியும் நம்மிடமும் இருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒரு கிட்டும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் இருக்கின்றன.

வண்டியைப் பற்றி மிச்சம். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 முதல் 20 கிலோமீட்டர் தருகிறது. ஏஎம்டி கியர் மாறும்போது வரும் சின்னத் தயக்கம் முந்தும்போது தெரியும். லாரியை முந்துவதற்கு முன், கியரை நாமே மாற்றும் மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கடற்கரைப் பயணம் முடிந்த மறுநாளே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுகிறேன், உப்பும் மணலும் தங்கினால் துருதான். வைப்பர் ரப்பரும் ஏசி ஃபில்டரும் மற்றவர்களுக்கு ஆவதைவிட எங்களுக்குச் சீக்கிரம் போகின்றன. அம்மா முதுகுக்குக் கடையில் விற்கும் ஃபோம் குஷன் சில மாதத்திலேயே அமுங்கிவிட்டது. வீட்டில் தைத்த இலவம்பஞ்சுத் தலையணை இன்றும் அப்படியே இருக்கிறது.

பலரும் குமரியோடு திரும்பிவிடுகிறார்கள். அம்மா விடவில்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாக மீனவர் ஊர்களின் குறுகலான தெருக்களில் நுழைந்து நுழைந்து நீரோடிக்குப் போனோம். எதிரே ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், சின்ன வண்டியின் அருமை அங்கே தெரிந்தது. கேரள எல்லை அதுதான் என்று ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டியதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சிட்டோம் பாப்பா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆனால் முடியவில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு பாக்கி இருக்கிறது என்று திரும்பும் வழியிலேயே நினைவுபடுத்தினார். தை மாசம் பூநாரைகள் இருக்கும்போது போகலாம் என்று வைத்திருக்கிறோம். அதற்கு முன் முன்டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.