புது லேப்டாப் என்று சொல்லிப் பழையதைக் கொடுத்தார்கள்: நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

கல்லூரி திறக்கும் நேரம் இது. பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் இடம் கிடைத்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீரவநல்லூர், களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் லேப்டாப் வாங்க வருவார்கள். நகையை அடகு வைத்த பணமாகவோ சீட்டு எடுத்த பணமாகவோதான் பெரும்பாலும் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா சீட்டு எடுத்த பணம். அதில் 52,000 ரூபாய் கொடுத்து வண்ணார்பேட்டைக் கடை ஒன்றில் தம்பிக்கு வாங்கிய லேப்டாப், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய மெஷின். போராடிப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டோம். ஆனால் எங்களிடம் சொன்ன அதே பொய்களை அடுத்து வருகிறவர்களிடமும் சொல்வார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

வாங்கிய வாரத்திலேயே திரை மினுக்க ஆரம்பித்தது. சார்ஜரைக் கழற்றினால், பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே பட்டென்று அணைந்துவிடும். கடைக்கு எடுத்துப் போனோம். விற்கும்போது டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்த பையன், "அக்கா, விக்கிறது வரைக்கும்தான் எங்க பொறுப்பு. இனி கம்பெனிதான் பாக்கணும்" என்றான். நான் விடாமல் நின்றதும் முதலாளி அண்ணாச்சி வந்தார். "ஏம்மா, பில்லுல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டார். பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருந்தது.

இந்த இரண்டு பேச்சையும் நம்பித்தான் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதில் தெளிவாக இருக்கிறது. பில்லில் கடைக்காரர் எதை அச்சடித்தாலும் சட்டம் தந்த உரிமை போய்விடாது. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் அது வேறு விஷயம். நான் சொல்வது குறையுள்ள பொருளைப் பற்றி. கம்பெனி வாரண்டி கொடுக்கிறது என்பதற்காகப் பணம் வாங்கிய கடை கழன்றுகொள்ளவும் முடியாது. புகார் போடும்போது கடை, கம்பெனி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம்.

அடுத்து அந்தப் பையன், "உள்ள ஒரு கேபிள் லூஸா இருக்கும்க்கா, திறந்து பாத்துருவோம்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். தம்பி சட்டென்று தடுத்துவிட்டான். அது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் புரிந்தது. கடைக்காரர் திறந்த மெஷினைப் பார்த்து, 'வெளியாள் கை வைத்திருக்கிறார், வாரண்டி செல்லாது' என்று கம்பெனி கையை விரித்தால் நம் கதி என்ன? கடையில் வைத்துத் திறக்க விடாதீர்கள்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த இன்ஜினியர் நல்ல மனுஷர். சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு வாரண்டி ஆரம்பிச்சே எட்டு மாசம் ஆச்சே, பில்லு புதுசா இருக்கு?" என்று கேட்டார். தேதி பழையதாக இருந்தால் மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அவரே விளக்கினார். சில கம்பெனிகளில் மெஷின் கிடங்கை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே வாரண்டி ஓடும், பில்லைக் காட்டினால் திருத்திக் கொடுப்பார்கள். அதனால் மெஷின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

தம்பி வீட்டில் பார்த்தான். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. பேட்டரி எத்தனை சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது, தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்பதைப் பல மெஷின்களில் அதில் பார்க்கலாம். இப்போதுதான் பெட்டி பிரித்த புது மெஷினில் சுற்று எண் சொற்பமாகத்தான் இருக்க வேண்டும். எங்களுடையதில் 140-ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். எஸ்எஸ்டி, அதாவது கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகம், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அது காட்டும். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்த அம்மா வெகுநேரம் ஒன்றுமே பேசவில்லை. யாரோ வாங்கி, பழுதாகித் திருப்பிக் கொடுத்த மெஷினைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டு எங்களிடம் தள்ளியிருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

மெஷினில் என்ன கோளாறு என்று எழுதி சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் தாளான ஜாப் ஷீட்தான் நமக்கு முதல் ஆதாரம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். திரை மினுக்குகிறது, தானாக அணைகிறது என்று நாம் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் 'மெதுவாக இயங்குகிறது' என்று மட்டும் போட்டிருந்தார்கள். திருத்தி வாங்கினோம். கீறல், அடிபட்ட தடம் என்று ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ரிப்பேர் செய்து கொடுத்தபின் அதே கோளாறு மறுபடி வந்தால் மறுபடியும் ஜாப் ஷீட் வாங்குங்கள். இது சின்னப் பழுதில்லை, மெஷினே சரியில்லை என்று பிறகு காட்ட அந்தத் தாள்கள்தான் உதவும். கடைக்காரரிடம் போனில் பேசுவதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

இந்த ஆதாரங்களோடு போனதும் அண்ணாச்சியின் பேச்சு மாறியது. மேலே 6,000 ரூபாய் போட்டால் வேறு மாடல் தருகிறேன் என்றார். ஏமாற்றியவரிடமே இன்னும் பணம் கொடுப்பதா? நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு நோட்டீஸ் எழுதினோம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. வாங்கிய தேதி, பில் எண், சீரியல் எண், கோளாறு, அவர்கள் சொன்ன பதில், நாம் கேட்பது, பதில் தர 15 நாள் அவகாசம், இவ்வளவும் இருந்தால் போதும். தமிழிலேயே எழுதி, ஜாப் ஷீட் நகல்களை இணைத்து, கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்பினோம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். தமிழிலேயே பேசலாம். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். எங்கள் விஷயத்தில் அதுவே பெரிய உதவி. அந்த சீரியல் எண் முன்பே வேறொருவர் பெயரில் பதிவானது என்று கம்பெனியே எழுத்தில் பதில் தந்துவிட்டது.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நாமே வாதாடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டத்தில் கிடைத்த பெரிய வசதி. சென்னையிலோ ஆன்லைனிலோ வாங்கியவர்களும் இங்கேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'கம்பெனிக்குப் போ, கடைக்குப் போ' என்று அலையவிடுவதில் இந்தக் காலம் கரைந்துவிடும், அதுதான் ஆபத்து. இன்னொரு விஷயம்: வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் பயமுறுத்துவார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உட்கார்ந்து வேலை செய்ய வாங்கியவர்களையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஊரில் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம்.

கம்பெனியின் பதில் வந்தபின் கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். முழுப் பணமும் தருகிறோம் என்றார்கள். அதிலும் ஒரு தந்திரம் இருந்தது. 'பொருளில் குறை இல்லை, நல்லெண்ணத்தில் திரும்பப் பெறப்பட்டது, இனி எந்தப் புகாரும் இல்லை' என்று தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டி முதலில் கையெழுத்துக் கேட்டார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன், குறை இல்லை என்ற பொய்யிலும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு பணம் ஏறியது. மெஷினைத் திருப்பிக் கொடுத்ததற்கு சீரியல் எண்ணோடு ரசீது வாங்கிக்கொண்டோம். அதற்கு முந்தின நாளே தம்பி தன் கோப்புகளையெல்லாம் அழித்திருந்தான்.

அந்த மெஷின் மறுபடி இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதனால் வாங்கப் போகிறவர்கள் பெட்டியை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், அதை வீடியோ எடுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் எண், மெஷினுக்கு அடியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டி தேதியைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில்தான் வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பதை வாங்காதீர்கள். 'பில் இல்லாம எடுத்தா ரெண்டாயிரம் குறைச்சுத் தாரேன்' என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நாங்கள் அனுப்பிய நோட்டீஸின் நகல் என்னிடம் இருக்கிறது. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பி வைக்கிறேன்.