ஒரே வேதபாகம், மூன்று பிரசங்கங்கள்: எதில் உயிர் இருக்கிறது?

எரேமியா 29:11ஐக் கேள்விப்படாத கிறிஸ்தவர்கள் குறைவு. கர்த்தர் தம் மக்கள்மேல் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம் அது. வாழ்த்து அட்டைகளும் நாட்காட்டிகளும் அதை விடுவதேயில்லை. நல்ல பிரசங்கம் எது என்ற ஓயாத வழக்கை இந்த ஒரு வசனத்தை வைத்தே விசாரித்துவிடலாம். மூன்று பிரசங்கியார்களிடம் இதைக் கொடுப்போம். ஒருவர் தலைப்புப் பிரசங்கத்தில், அதாவது ஒரு தலைப்பை எடுத்து அதற்கேற்ற வசனங்களைத் திரட்டிப் பேசுவதில் தேர்ந்தவர். அடுத்தவர் வேதபாகத்தை வரிசையாக விளக்கும் வியாக்கியானப் பிரசங்கி. மூன்றாமவர் கதைநடையில் சொல்பவர்.

முதலாமவர் 'உங்கள் எதிர்காலம் தேவனுடைய கரத்தில்' என்று தலைப்பிடுவார். 11ஆம் வசனத்தை வாசித்து வேதாகமத்தை மூடிவிடுவார். தேவனிடம் திட்டம் உண்டு, அது நல்ல திட்டம், அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று மூன்று குறிப்புகள் சொல்வார். ரோமர் 8:28 துணைக்கு வரும், நீதிமொழிகள் 3:5 வரும், சங்கீதம் 23 வராமல் இருக்காது. சொன்னதில் எதுவும் பொய்யில்லை. சபையாரும் தெம்போடுதான் வீடு திரும்புவார்கள். ஆனால் எரேமியா இதை யாருக்கு எழுதினார், எந்த நிலையில் எழுதினார் என்ற கேள்வி கடைசிவரை தலைகாட்டியிருக்காது.

இரண்டாமவர் அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து தொடங்குவார். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் இது. 5 முதல் 7 வரையுள்ள வசனங்களை அவர் தாண்டிப்போக முடியாது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். பத்தாம் வசனம் இன்னும் கடினம். எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் விடுதலை. கடிதத்தைக் கேட்ட நடுவயதுக்காரர் எவரும் திரும்பிப் போகப்போவதில்லை. இத்தனையையும் கடந்துதான் 11ஆம் வசனம் வருகிறது. நாட்காட்டியில் இருப்பது ஆறுதல் என்றால், இங்கே இருப்பது பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் ஆறுதல். இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

மூன்றாமவர் ஓர் அதிகாரம் பின்னால் போவார். தேவாலயம், கூட்டம், பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மரநுகத்தோடு எரேமியா. அனனியா என்ற தீர்க்கதரிசி முன்னே வந்து, இரண்டே வருஷத்தில் பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பிவரும், சிறைப்பட்டவர்களும் திரும்பிவருவார்கள் என்கிறார். எரேமியா 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்கிறார், ஆனால் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறார். அனனியா அந்த நுகத்தைக் கழற்றி எல்லார் கண்முன்னும் உடைத்துப் போடுகிறார். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். மரநுகத்துக்குப் பதில் இரும்புநுகம் என்ற வார்த்தை பிறகுதான் வருகிறது. இரண்டு வருஷம் என்று சொன்ன அனனியா இரண்டு மாதத்தில் இறந்துபோகிறார். இவ்வளவுக்கும் பிறகு கடிதம் பிரிக்கப்படும்போது, கேட்பவருக்குத் தான் இவ்வளவு நேரமும் அனனியாவின் பக்கம் நின்றிருந்தது உறைக்கும்.

அந்த அனனியாவைக் கொஞ்சம் கவனியுங்கள். தெளிவாகப் பேசினார், சுருக்கமாகப் பேசினார். நம்பிக்கையூட்டினார். மறக்க முடியாத ஒரு செய்கையால் செய்தியை நிலைநிறுத்தினார். 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று தொடங்கவும் தவறவில்லை. நல்ல பிரசங்கத்துக்கு நாம் வழக்கமாகப் போடும் மதிப்பெண் பட்டியலில் அன்றைக்கு அவரே முதலிடம் பெற்றிருப்பார். தெளிவு, உருக்கம், உதாரணம், நடைமுறைப் பயன் ஆகியவற்றை மட்டும் அளந்தால் இதுதான் நடக்கும். பிரசங்கியார் போதிக்கவும் மகிழ்விக்கவும் அசைக்கவும் வேண்டும் என்று பழங்காலத் திருச்சபை ஆசான் அகஸ்டின், ரோமப் பேச்சாளர் சிசெரோவிடமிருந்து எடுத்துச் சொன்னார். அவற்றில் போதிப்பதே இன்றியமையாதது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அனனியா பின் இரண்டிலும் குறைவைக்கவில்லை.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் வேறு. வாசித்த வேதபாகம் பிரசங்கியாரை மறுத்துப் பேச இந்த முறையில் இடம் இருக்கிறதா? அவர் சொல்ல விரும்பாததையும் அவர் வாயாலேயே சொல்லவைக்க அதற்கு வலு இருக்கிறதா? மூன்று முறைகளையும் இதில் நிறுத்தினால் வரிசை மாறுகிறது.

வியாக்கியானம்: வலுவும் வறட்சியும்

இந்த அளவுகோலில் வியாக்கியானப் பிரசங்கமே முன்னே நிற்கிறது. 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்கிலி, அந்தந்த நாளுக்கென்று குறிக்கப்பட்ட வாசகப் பட்டியலை ஒதுக்கிவிட்டு மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்து தொடர்ந்து பிரசங்கிக்கத் தொடங்கினார். புதுமை என்று சிலர் முணுமுணுத்தாலும் அது பழைய வழக்கம்தான். நான்காம் நூற்றாண்டிலேயே, பிரசங்கத்துக்குப் பேர்போன கிறிசோஸ்தோம் மத்தேயு முழுவதையும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறார். ஜெனீவாவிலிருந்து 1538இல் துரத்தப்பட்ட சீர்திருத்தவாதி கால்வின், 1541இல் திரும்பிவந்து மேடையேறியபோது, விட்ட இடத்திலிருந்து அடுத்த பகுதியை எடுத்து விளக்கினார். துரத்தியவர்களைச் சாடுவதற்கு அதைவிட நல்ல நாள் அவருக்குக் கிடைத்திருக்காது. வரிசை அவரைக் கட்டிப்போட்டது. இந்த முறையின் பெரிய நன்மையே இந்தக் கட்டுதான்: தனக்குப் பிடித்த வசனத்துக்கு ஓடவும் முடியாது, பிடிக்காத ஆளைக் குறிவைக்கவும் முடியாது. பணத்தைப் பற்றியோ விவாகரத்தைப் பற்றியோ பேசினாலும் 'இது யாருக்கோ சொல்கிறார்' என்று எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போன வாரம் விட்ட இடத்துக்கு அடுத்த பகுதி அது, அவ்வளவுதான்.

ஆனால் வியாக்கியானப் பிரசங்கம் என்ற பெயரில் மேடையேறுவதில் பாதி, வியாக்கியானம் மட்டும்தான். பிரசங்கத்தைக் காணோம். வினைச்சொல்லின் காலம், மூன்று அறிஞர்களின் மூன்று கருத்து, ஊரின் நில அமைப்பு, பிறகு ஆசீர்வாதம். 1928இல் அமெரிக்கப் போதகர் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் இதைத்தான் கேலி செய்தார்: எபூசியர் என்ற பழங்கால இனத்தாருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் தவிப்போடு யாரும் ஆலயத்துக்கு வருவதில்லை என்று. அவருடைய இறையியலை ஏற்காதவர்களும் இந்தக் குத்தலை ஏற்கத்தான் வேண்டும்.

இன்னொரு தொல்லை நீளம். லண்டன் போதகர் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் 1955 முதல் 1968 வரை ரோமர் நிருபத்தை விளக்கினார், 14:17இல் நின்றுவிட்டது. அதைப் பார்த்துப் பரவசமாகி, ஞாயிறு காலையில் மூன்று வசனத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ரோமர் தொடர் நடந்தது வெள்ளிக்கிழமை மாலைகளில், ஆழ்ந்து கற்கவேண்டும் என்று தேடி வந்தவர்களுக்கு. ஞாயிறு காலைக்கு அவர் வேறு தொடர் வைத்திருந்தார். லாயிட்-ஜோன்ஸாக இல்லாதவர்கள் ஒரு நிருபத்தைச் சில மாதங்களில் முடித்துவிட்டு ஒரு சுவிசேஷத்துக்கு நகர்வது எல்லாருக்கும் நல்லது.

தலைப்பு: இலகுவானதால் ஆபத்தானது

தலைப்புப் பிரசங்கத்தை அடியோடு ஒதுக்குபவர்களுக்கு அப்போஸ்தலர் 17 இடறலாகவே இருக்கும். ஏதென்ஸ் நகரின் மார்ஸ் மேடையில் பவுல் வேதபாகம் எதையும் வாசிக்கவில்லை. 'அறியப்படாத தேவனுக்கு' என்ற பலிபீட எழுத்தில் தொடங்கி, கிரேக்கப் புலவர்களின் வரிகளைத் துணைக்கு அழைத்து, உயிர்த்தெழுதலில் கொண்டுபோய் நிறுத்தினார். வேதத்தை அறியாதவர்கள் நடுவே வேறு எப்படித் தொடங்குவது? திரித்துவம், மரணம், மன்னிப்பு போன்றவற்றை ஒரே இடத்தில் தொகுத்துச் சொல்லவும் இந்த முறையே உதவும். சபையைப் பேரிடர் தாக்கிய வாரத்தில் லேவியராகமத்தின் அடுத்த அதிகாரம்தான் என்று பிடிவாதம் பிடிப்பது பக்தியாகாது. 387இல் அந்தியோகியாவில் பேரரசனின் சிலைகளை மக்கள் கவிழ்த்துப் போட்டு, தண்டனைக்கு நடுங்கிக்கொண்டிருந்தபோது, கிறிசோஸ்தோம் அந்தப் பயத்தை நேரடியாகக் கையிலெடுத்துத்தான் வாரக்கணக்கில் பிரசங்கித்தார்.

இருந்தாலும் என் அளவுகோலில் இந்த முறை கடைசி இடத்துக்குத்தான் வருகிறது. தலைப்பு முதலில் பிறக்கிறது, வசனங்கள் பிறகு ஆள்சேர்ப்பாக வருகின்றன. ஒத்துப்போகும் வசனம் உள்ளே, முரண்டு பிடிக்கும் வசனம் வெளியே. ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் ஒத்தவாக்கியப் புத்தகத்தைத் தேடிய காலத்தில் இதற்குக் கொஞ்சம் உழைப்பாவது தேவைப்பட்டது. தேடுபொறி வந்த பிறகு 'விசுவாசம்' என்று தட்டினால் ஐந்து நொடியில் ஐம்பது வசனம். இதைத் திருத்த ஒரு வழி உண்டு, பலர் செய்வதில்லை: எடுத்த தலைப்பில் உங்கள் முடிவுக்கு இடைஞ்சலாக இருக்கும் வேதபாகத்தையே அன்றைய முதல் வாசகமாக வைப்பது. ஜெபத்துக்குப் பதில் கிடைக்கும் என்று பிரசங்கிக்கப் போகிறீர்களா? மூன்றுதரம் வேண்டியும் பவுலை வருத்திய முள் நீங்காத 2 கொரிந்தியர் 12இல் தொடங்குங்கள்.

கதை: நாத்தான் வழி

கதைநடைக்கு வேதத்திலேயே பெரிய சாட்சி, தாவீது ராஜாவின் பாவத்தைக் கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசி. தாவீதிடம் நியாயப்பிரமாணத்தை எடுத்து விளக்காமல் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, ராஜா தன் வாயாலேயே தீர்ப்பைக் கூறும்வரை காத்திருந்தார். 1970களில் அமெரிக்கப் பிரசங்கக்கலை ஆசிரியர் ஃபிரெட் கிராடக், முடிவை முதலில் அறிவித்துவிட்டுக் காரணங்களை அடுக்கும் மேடைவழக்கத்தைத் திருப்பிப்போடச் சொன்னதும் இந்தத் தர்க்கத்தில்தான். பிரசங்கியார் தேடிய வழியைக் கேட்பவரும் உடன் நடந்துவந்து தானே முடிவைக் கண்டடையட்டும் என்றார். ரூத்துக்கும் யோனாவுக்கும் உவமைகளுக்கும் இது பொருந்துவதுபோல் வேறு எதுவும் பொருந்தாது. கதையாகவே எழுதப்பட்ட ஒரு பகுதியை மூன்று குறிப்புகளாக அரிந்து வைப்பதுதான் அங்கே வசனத்துக்குச் செய்யும் துரோகம். ஆனால் ரோமர் 3இன் வாதத்தைக் கதையாக்கப் போனால் வாதம் உதிர்ந்து கதை மட்டும் மிஞ்சும்.

கதைநடைப் பிரசங்கம் வேறு, கதைகள் நிறைந்த பிரசங்கம் வேறு. இரண்டாவதை மேடைகளில் தாராளமாகக் கேட்கலாம். பெயரில்லாத நாத்திகப் பேராசிரியர், பெயரில்லாத கப்பல் தலைவன், மரணப்படுக்கையில் மனம்மாறிய பெயரில்லாத அறிஞர். யார், எங்கே, எப்போது என்று கேட்டால் பதில் கிடையாது. நடக்காததை நடந்ததாகப் பிரசங்க மேடையில் சொல்வதற்குப் பெயர் பொய். உதாரணம் என்று அழைப்பதால் அது மாறிவிடாது.

வாசக அட்டவணையை மறந்துவிட வேண்டாம்

வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிரசங்கியாரிடமிருந்து பறிக்க வரிசைப் பிரசங்கம் மட்டுமே வழி என்று சிலர் நினைக்கிறார்கள். கத்தோலிக்கரும் பல சீர்திருத்தச் சபையாரும் பின்பற்றும் மூன்றாண்டு வாசகச் சுழற்சியும் அதையே செய்கிறது. புராட்டஸ்டண்டு சபைகள் பல ஏற்ற பொது அட்டவணை 1992இல் வெளிவந்தது. மேலே பேசிய எரேமியா 29 அதில் மூன்றாம் ஆண்டில் வருகிறது: 1ஆம் வசனமும் 4 முதல் 7 வரையும். நாட்காட்டிகள் விடும் பகுதி உள்ளே, நாட்காட்டிகள் பிடித்துக்கொண்ட 11ஆம் வசனம் வெளியே! சிரிப்பு வந்தாலும் அட்டவணையின் பலவீனமும் இதில்தான் தெரிகிறது. துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை ஒரு குழு முடிவுசெய்துவிடுகிறது, எழுபது வருஷமும் பொய்த்தீர்க்கதரிசிகளும் வெட்டில் போய்விடுகிறார்கள். கத்தரித்த வசனங்களையும் சேர்த்து வாசிக்கும் அருள்பணியாளருக்கு இது குறையாக இராது.

எழுதி வாசிப்பதா, குறிப்போடு பேசுவதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. 1741இல் அமெரிக்காவின் என்ஃபீல்டில் போதகர் ஜொனத்தன் எட்வர்ட்ஸ் முன்னரே எழுதியிருந்த பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அலறினார்கள். 1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் கையில் எழுத்துப்படி இல்லாமல் பேசினார். நேரத்தைப் பற்றியும் அப்படியே. மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று 2024 ஜூனில் போப் பிரான்சிஸ் சொன்னார். திருவிருந்தை மையமாகக் கொண்ட வழிபாட்டுக்கு அது பொருத்தம், பிரசங்கமே மையமான ஆராதனைக்குப் போதாது. நடுராத்திரிவரை பேசிய பவுலின் முன்னே ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததை நீண்ட பிரசங்கத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் எடுத்துக்காட்டுகிறார்கள். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டுபவர் தான் பவுல் என்பதை முதலில் நிரூபிக்கட்டும்.

ஒரு சபைக்கு ஓர் ஆண்டைத் திட்டமிடச் சொன்னால், பெரும்பங்கை வியாக்கியானத்துக்கே கொடுப்பேன். ஒரு சுவிசேஷம், ஒரு நிருபம், பழைய ஏற்பாட்டில் ஒரு சரித்திரப் புத்தகம் என்று எடுத்து, சரித்திரத்தைக் கதைநடையில் சொல்லச் சொல்வேன். எதிர்பாராததற்கு நாலைந்து ஞாயிறுகளைக் காலியாக விடுவேன். ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் என் அளவுகோல் தடுமாறுகிறது. நீதிமொழிகள் 10ஆம் அதிகாரத்திலிருந்து தராசும் நாவும் சோம்பேறியும் சண்டைக்காரியும் அடுத்தடுத்த வரிகளில் வந்துபோகிறார்கள். அங்கே வரிசையாக விளக்குவதற்குப் பிடிமானம் குறைவு. சோம்பலைப் பற்றிய வரிகளை ஒருபுறமும் நாவைப் பற்றியவற்றை இன்னொருபுறமுமாகச் சேர்த்து, ஒன்றோடொன்று முரண்படும் ஜோடிகளையும் (மூடனுக்குப் பதில் சொல்லாதே, பதில் சொல் என்னும் 26ஆம் அதிகாரத்தின் 4, 5 வசனங்கள்போல) விட்டுவிடாமல் பிரசங்கிக்க முன்வரும் தலைப்புப் பிரசங்கியாருக்கு அந்த மாதத்தை முழுவதுமாகக் கொடுத்துவிடலாம்.